நூறாவது டோக்கன்

2021 மே 24, திங்கள்

போட்டி நடந்தால் மட்டும் இந்த டைரியில் எழுதுவது என் வழக்கம். எந்த அணி, எத்தனை புள்ளி, எவனுக்கு முட்டி பெயர்ந்தது, அவ்வளவுதான். பள்ளி மூடி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. இன்று தலைமையாசிரியர் போன் செய்தார். வியாழக்கிழமை நம் பள்ளியிலேயே தடுப்பூசி முகாமாம், நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு. நம் தெருக்காரர்கள் இனி எட்டுக் கிலோமீட்டர் போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கால் கடுக்க நிற்க வேண்டாம்.

"வரிசைய நீங்க பாத்துக்கங்க குருபாதம். உங்க கொரலுக்குத்தான் ஜனங்க அடங்கும்" என்றார்.

ஐம்பத்தொரு வயதில், இந்த பி.டி. மாஸ்டரின் விசிலுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது. மனைவி சுகந்தியிடம் சொன்னபோது, "அப்படியே நீங்களும் போட்டுக்கங்க, தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கீங்க" என்றாள். அவள் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் ஏப்ரலிலேயே போட்டுக்கொண்டுவிட்டாள்.

மே 26, புதன்

மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஆறடிக்கு ஒன்றாக நூறு வட்டம் போட்டேன். கபடிக் கோடு போட்டுப் பழகிய கை, ஒன்றுகூடக் கோணவில்லை. மருந்து நூறு பேருக்குத்தான் வருமாம். பத்துப் புட்டி, புட்டிக்குப் பத்துப் பேர். அட்டையை வெட்டி ஒன்று முதல் நூறு வரை டோக்கன் எழுதினேன். நூறாவதை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். வரிசையை நடத்துகிறவன் கடைசியில் போட்டுக்கொள்வதுதான் மரியாதை என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோனார்.

பீர் முகமது பாய் வந்து வேடிக்கை பார்த்தார். பள்ளி வாசலுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருப்பவர். இருபது வருடமாக எங்கள் பள்ளிப் பந்துகளுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். ஊரடங்கில் கடையை மூடிவிட்டு, அவசரம் என்று வருகிறவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ஒட்டிக் கொடுக்கிறார். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை வேறு.

"என்ன மாஸ்டர், ஊசி போடுறதுக்கு முன்னாடி பாண்டி ஆடச் சொல்வீங்களா?"

"நாளைக்கு ஒம்பது மணிக்கே வந்துருங்க பாய். லேட்டா வந்தா வட்டம்தான் இருக்கும், மருந்து இருக்காது."

"என் மகளும் அதையேதான் சொல்றா" என்றார்.

மே 27, வியாழன்

முகாம் நல்லபடியாக முடிந்தது. எட்டாம் வகுப்பு அ பிரிவின் வாசலில் கம்ப்யூட்டரோடு ஒரு பெண் உட்கார்ந்து ஆதாரைப் பார்த்துப் பதிவு செய்தாள். அவள் ஒரு பட்டனைத் தட்டினால் போனுக்குச் சான்றிதழ் வந்துவிடும். உள்ளே இரண்டு செவிலியர்கள். மூத்தவர் கலைவாணி சிஸ்டர், நல்ல நிதானம். ஊசி முடிந்தவர்கள் இடைக்கதவு வழியாகப் பக்கத்து ஆ பிரிவுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார வேண்டும். ஒரு தள்ளுமுள்ளு இல்லை, ஒரு சண்டை இல்லை. பயந்து நடுங்கிய இரண்டு பெண்களுக்கு நான்தான் பக்கத்தில் நின்று, "அங்கிட்டுப் பாருங்கம்மா, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்" என்று தைரியம் சொன்னேன்.

பாய் பன்னிரண்டரைக்கு வந்தார். பால்வண்டிக்காரர் ஒருவருக்கு டயர் வெடித்துவிட்டதாம், விட்டுவிட்டு வர முடியவில்லையாம். டோக்கன் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "யாராச்சும் வராமப் போயிட்டா எனக்குக் கெடைக்கும்ல" என்று கேட்டருகில் வேப்பமர நிழலில் நின்றார். கடைசியில் நானே கேட்டுக்குப் போய், "முடிஞ்சுபோச்சு பாய். அடுத்த முகாமுல மொத டோக்கன் உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

எனக்கும் பன்னிரண்டே முக்காலுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. பெயர், வயது எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்த தவணை ஆகஸ்ட் 19.

மே 28, வெள்ளி

காலையில் சுகந்தி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனேன், விடவில்லை. "எந்தக் கையில போட்டாங்க?" என்றாள். இடது என்றேன். மத்தியானம் வலது கையை நீவிக்கொண்டிருந்தேன் போல, "இடதுன்னு சொன்னீங்க?" என்றாள். வலி சுற்றி வருகிறது என்று சொன்னேன். அப்படிக்கூட வருமா என்று அலுவலகத் தோழியிடம் போன் போட்டுக் கேட்டாள்.

"எனக்கு ரெண்டு நாள் காச்சல் கொன்னுருச்சு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையே, உடம்பப் பழக்கி வெச்சிருக்கீங்க" என்று பெருமைப்பட்டாள். சாயங்காலம் போர்வை கேட்டு வாங்கிப் படுத்துக்கொண்டேன். அந்த வெயிலில் போர்வைக்குள் வேர்த்து ஊற்றியது.

மே 30, ஞாயிறு

இன்றும் குடம் தூக்க விடவில்லை. அவள் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 4, வெள்ளி

நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

எழுதிவிட்டேன். இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. சுகந்தி இதில் கபடிப் புள்ளிதான் இருக்கும் என்று நினைத்துத் தொடுவதே இல்லை.

சிறுவயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு நாளும் ஒன்று. அதற்குப் பிறகு ஊசியைப் பார்த்தாலே எனக்குக் காது அடைத்துக் கண் இருட்டிவிடும். ரத்தப் பரிசோதனைக்குக்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்தே ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். ஊரில் எவன் கால் உடைந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், நான்.

அன்று பதிவு முடித்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டைக் கையைக்கூட மடித்துவிட்டேன். கலைவாணி சிஸ்டர் மருந்தை எடுக்கத் திரும்பினார். இன்னொரு செவிலியர் யாருக்கோ பஞ்சு கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஊசி புட்டிக்குள் இறங்கியதைப் பார்த்தேன். அவ்வளவுதான், கால் தானாக எழுந்து இடைக்கதவு வழியாக ஆ பிரிவுக்குப் போய்விட்டது. போகிறபோது தட்டிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சையும் எடுத்துக்கொண்டேன். அதைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்தவர், "வலிச்சுச்சா சார்?" என்றார். "ஒண்ணுமே தெரியல" என்றேன். அதுமட்டும் உண்மை.

வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? என் உடம்பு, என் பயம். அடுத்த முகாமில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போட்டுக்கொள்வேன்.

ஜூன் 9, புதன்

முகாம் வரவில்லை. மருந்து வரவில்லை என்கிறார்கள். பக்கத்து வார்டில் நேற்று ஐம்பது பேருக்கு வந்ததாம், காலை ஆறு மணிக்கே முடிந்துபோயிற்றாம்.

ஜூன் 12, சனி

பாய் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே நின்று, "வாங்க பாய், வண்டியில கூட்டிட்டுப் போறேன். சுகாதார நிலையத்துல இன்னிக்குப் போடுறாங்களாம்" என்றேன்.

அவர் சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சிரித்தார். "எதுக்கு மாஸ்டர் அம்புட்டுத் தூரம்? அங்க போயி கூட்டத்துல நின்னு நோய வாங்கிட்டு வரவா? நம்ம பள்ளிக்கூடத்துலயே போடத்தான போறாங்க. நீங்கதான் மொத டோக்கன் தர்றேன்னுட்டீங்களே."

அவர் மகள் ரஹிமா உள்ளேயிருந்து, "போயிட்டு வாங்களேன் அத்தா" என்றாள். கணவன் வெளிநாட்டில் இருப்பதால் அவள் அப்பாவோடுதான் இருக்கிறாள். வாரம் போனால் முகாம் வந்துவிடும் என்று பாய் சொல்லிவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம். என்னைப் பார்த்து, "நீங்க போட்டுட்டு எப்படி ஜம்முனு நிக்கிறீங்க, எனக்கு அப்பவே பயமெல்லாம் போயிருச்சு" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஜூன் 17, வியாழன்

பாய்க்குக் காய்ச்சல்.

ஜூன் 20, ஞாயிறு

மூச்சு வாங்கியதால் பாயை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களாம். தெருவை அடைத்துத் தகரம் கட்டிவிட்டார்கள். ரஹிமா போனில் அழுதாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"ஒம்பது மணிக்கே போங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன் சார். டயர் ஒட்டப் போயிட்டாரு. இருபது ரூவாக்கு உசுர வெக்கிற மனுஷன் என்ன மனுஷன்? ஆஸ்பத்திரிக்குக் கெளம்பையிலகூட திட்டித்தான் அனுப்புனேன். இப்ப அவருகிட்ட பேசவும் முடியல."

"அவர் வந்துருவாரும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஜூன் 23, புதன்

இதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று நான் ஆ பிரிவிலிருந்து வெளியே வந்தபோது செவிலியர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கலைவாணி சிஸ்டர் கடைசிப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒரு டோஸ் இருக்கு சார். தெறந்த புட்டிய நாலு மணி நேரத்துக்குமேல வெக்க முடியாது. வெளியில யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சிஸ்டர்" என்றேன்.

பாய் வந்து போட்டுக்கொண்டால் நூற்றொன்று ஆகும். மருந்து நூறு பேருக்குத்தானே, எப்படி நூற்றொன்று என்று எண்ணுவார்கள். எண்ணினால் ஒவ்வொரு பெயராக வரும். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் ஓடியது. மற்றபடி பாய் அதற்குள் கிளம்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன். பசி நேரம், வெயில் வேறு.

ஒரு ஊசி போட்டிருந்தால் நோய் வராமல் இருந்திருக்கும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். போட்டவர்களுக்கும் வருகிறது. இதை நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

ஜூன் 25, வெள்ளி

பாய் நிலைமை அப்படியேதான். மருத்துவமனை வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன். உள்ளே விடவில்லை, விட்டிருந்தாலும் போயிருப்பேனா தெரியாது.

ஜூன் 27, ஞாயிறு

சுகந்தியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஊசிக்குப் பயந்து ஓடிவந்துவிட்டேன் என்றதும் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பி.டி. மாஸ்டரா நீங்க? வலி சுத்தி வருதுன்னீங்களே, நான் ஆபீஸ் பூரா விசாரிச்சேனே" என்று மறுபடி சிரித்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்கிட்ட சொல்லியிருந்தா கூட வந்து கையப் புடிச்சிருப்பேன்ல" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பயந்ததை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. பாதியைச் சொல்லி ஆறுதல் வாங்கிக்கொண்டவனுக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை.

ஜூலை 2, வெள்ளி

பாயை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாராம். இன்னும் ஆறு மாதத்துக்குப் பம்பு அடிக்கக்கூடாதாம், பாரம் தூக்கக்கூடாதாம். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். தட்டை வைத்துவிட்டு அவள் போய்விடுகிறாளாம், அவர் தலையைக் குனிந்து சாப்பிடுகிறாராம்.

ஜூலை 5, திங்கள்

இன்று பள்ளியில் இரண்டாவது முகாம். தலைமையாசிரியர் என்னைக் கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, "நம்ம மாஸ்டர் போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, பாருங்க எப்படி இருக்காருன்னு" என்றார். நாலு பேர் அதைக் கேட்டுத்தான் வரிசையில் வந்து நின்றார்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்தபின் கலைவாணி சிஸ்டரிடம் போனேன். சொல்லிவிட்டேன். ஓடியதைச் சொன்னேன், யாரும் இல்லை என்று பொய் சொன்னதையும், அன்று கேட்டில் நின்ற பாய் ஆஸ்பத்திரி வரை போய் வந்ததையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நீங்க எந்திரிச்சுப் போனத நான் பாத்தேன் சார்."

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

"தெனம் ரெண்டு பேராவது அப்படிப் போவாங்க. கொஞ்ச நேரம் விட்டா தானா வருவாங்க. எல்லார் முன்னாடியும் கூப்பிட்டா உங்களுக்கு அவமானம்னு விட்டேன். அதான் வெளியில யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டேன். ஒண்ணு, நான்தான் இருக்கேன்னு நீங்க உக்காருவீங்க, இல்ல வேற ஒருத்தரக் கூட்டிட்டு வருவீங்கன்னு நெனச்சேன்." கையுறையை வாளியில் போட்டார். "நாலு மணிக்கு அதக் கொட்டுனேன். கேட்டு வரைக்கும் நானே போயிப் பாத்திருக்கணும். என் மேலயும் தப்பு இருக்கு."

"இன்னிக்குப் போட்டு விட்ருங்க சிஸ்டர்" என்றேன். நிஜமாகவே கேட்டேன்.

"பதிவுல உங்களுக்கு ஒண்ணு போட்டாச்சு. இன்னிக்கு உங்களுக்குப் போட்டா அது எந்தக் கணக்கு? நான் மேல எழுதிக் கேக்குறேன். பதில் வரலைன்னா ஆகஸ்ட் பத்தொம்பது வாங்க. அதுவரைக்கும் பாத்து இருந்துக்கங்க."

கிளம்பும்போது, "அந்தப் பாய் பொழைச்சிட்டாருல்ல? போட்டிருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா ஆக்ஸிஜன் வரைக்கும் போயிருக்காதுன்னு நான் நெனைக்கிறேன். அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

ஜூலை 6, செவ்வாய்

காலையில் சுகந்தியிடம் மீதியைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "போங்க, போயிச் சொல்லிட்டு வாங்க. அப்புறம் சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பாய் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாகிவிட்டார். எனக்கு ஜன்னலோரம் ஸ்டூல் போட்டார்கள். ரஹிமா தேநீரை வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே அடுப்படிக்குப் போனாள்.

சொல்லத் தொடங்கினேன். நாய்க்கடியிலிருந்து தொடங்கியது அபத்தம் என்று பாதியிலேயே தெரிந்தது. அதை விட்டுவிட்டு நாற்காலி, பஞ்சு, புட்டியில் மிச்சமிருந்த ஒரு டோஸ், சிஸ்டர் கேட்டது, நான் சொன்னது என்று வரிசையாகச் சொன்னேன். முடித்த பிறகு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அந்தம்மா கேட்டப்போ, நான் கேட்டுல நிக்கிறது உங்களுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

கிளம்பியிருப்பார் என்று நினைத்தேன் என இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அதைத்தான் சிஸ்டரிடமும் சுகந்தியிடமும் சொன்னேன். வாய்வரை அதேதான் வந்தது.

"தெரியும் பாய்" என்றேன். "ஜன்னல் வழியாப் பாத்தேன். துண்டால விசிறிக்கிட்டு நின்னீங்க."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வெளியே போ என்று சொன்னால் போயிருப்பேன். அவர் தலையணையை நகர்த்திச் சாய்ந்துகொண்டார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? லேட்டாப் போனது என் தப்பு, பாவம், மருந்து இல்லைன்னு சொல்றதுக்கே மாஸ்டருக்கு மொகம் செத்துப்போச்சுன்னு வீட்டுல வந்து சொன்னேன். ஆஸ்பத்திரியில அந்தக் கொழாய மூக்குல வெச்சுக்கிட்டு பன்னெண்டு நாள் அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். பாழாப்போன டயரு, அத விட்டுட்டு ஓடியிருந்தா இந்தப் பிள்ளய இப்படி அலையவிட்டிருக்க மாட்டமேன்னு. அவளும் அதையேதான் சொல்றா. நானும் ஆமாம்னுதான் சொல்றேன்."

நான் கும்பிட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, "ரஹிமா" என்று கூப்பிட்டார். முதல் தடவைக்கு அவள் வரவில்லை. இருமிவிட்டு மறுபடி கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிலையருகில் நின்றாள்.

"இங்க வாம்மா, உக்காரு. நான் போனப்போ மருந்து இருந்திருக்கு." என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க மாஸ்டர். இப்ப எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லுங்க. ஒண்ணும் விடாமச் சொல்லுங்க."

ரஹிமா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்னவென்று புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஸ்டூலைவிட்டு எழுந்து நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.